சுவடும் சுவடியும்: நேபாளப் பள்ளத்தாக்கில் ஒரு நடையாத்திரை

திருத்தல யாத்திரை என்பது காலால் நடந்து ஆற்றும் வழிபாடு என்றே நம் முன்னோர் கொண்டனர். கயிலை காணும் பெருவேட்கையால் காசிக்கு அப்பாலும் வடதிசை நோக்கிச் சென்ற திருநாவுக்கரசு சுவாமிகள், பாதம் தேய்ந்தபின் கைகளாற் சென்றும், கைகளும் தேய்ந்தபின் மார்பினால் ஊர்ந்தும், பின்னர்ப் புரண்டும் சென்றனர் என்று பெரியபுராணம் கூறுதலை அறியாத சைவர் இலர். இக்காலத்தோ நிலைமை வேறு. கயிலைக்கும் முத்திநாதத்துக்கும் நம் நாட்டினின்று புறப்படும் அன்பர் கூட்டத்தினர், காட்மாண்டு நகரில் விமானத்தினின்று இறங்கி, ஒரு காலைப்பொழுதில் பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டு, அடுத்த ஊர்திக்கு விரைகின்றனர். நாளும் பொருளும் அளவுபட்டோர் அங்ஙனம் விரைதலிற் குற்றம் காண்பது எம் கருத்தன்று. ஆயினும் அப்பள்ளத்தாக்கில் நாலைந்து நாள் தங்கி, மெல்ல நடந்து, மலைச்சாரலும் ஆற்றங்கரையும் பழைய ஊர்களும் கண்டு வருவோர்க்குக் கிடைக்கும் பொருள் பெரிது. சைவத்தின் பண்டை வரலாற்றில் நம் தென்னாடு காலவெள்ளத்தில் இழந்துவிட்ட சில ஏடுகளை அந்நிலம் கல்லிலும் ஓலையிலும் காத்து வைத்திருக்கின்றது என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த செய்தி.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். காட்மாண்டுப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், எப்புறம் அளந்தாலும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மிகாத ஒரு வட்டில் போன்றது. வடக்கே சிவபுரி 2,732 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது; தெற்கே பூல்சோக்கியும், மேற்கே சந்திரகிரியும் நாகார்ஜுனமும், கிழக்கே நகர்கோட்டு முகடும் சூழ்ந்துள்ளன. முன்னொரு காலத்தில் இஃது ஓர் ஏரியாயிருந்தது என்றும், மஞ்சுசிரீ என்னும் போதிசத்துவர் தம் வாளால் தென்புறத்துச் சோபார் மலையைப் பிளந்து நீரை வடித்தார் என்றும் அந்நாட்டுப் பௌத்தர் கூறுவர். வாளின் செய்தி புராணம். ஏரியின் செய்தி மெய். புவியியலாரும் பள்ளத்தாக்கின் அடிமண் ஏரிப்படிவு என்றே தெளிந்துள்ளனர். உழவர் வயலுக்கு உரமாகத் தோண்டி இட்ட கரிய களிமண் அவ்வேரியின் அடிவண்டலே. இதே மென்மண்தான் நிலநடுக்கக் காலத்தில் அதிர்ச்சியை மிகுவித்துக் கேடு செய்வதும். 1934-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாளிலும், 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 25-ஆம் நாளிலும் நேர்ந்த பெரு நடுக்கங்களில் எத்தனையோ பழங்கோயில்கள் மண்ணோடு மண்ணாயின.

வாக்மதி என்னும் புண்ணிய நதி வடக்கே சிவபுரியிற் பிறந்து, பள்ளத்தாக்கின் நடுவே ஓடி, மேற்கூறிய சோபார்ப் பிளவின் வழியே தெற்கு நோக்கி வெளியேறுகின்றது. நடந்து செல்வோர்க்கு இந்நதியே வழிகாட்டி.

நதியை அடையுமுன், பண்டை யாத்திரிகர் வந்த வழியை ஒருவாறு நினைவு கூர்தல் தகும். இராணா மரபினர் ஆட்சி 1846 முதல் 1951 வரை நடைபெற்றது. அக்காலத்தில் அயலார் பள்ளத்தாக்கினுட் புகுதல் அரிது. மகா சிவராத்திரியை ஒட்டியே பாரத நாட்டு அடியார்க்கு வழி திறக்கப்படும். 1927 முதல் ரக்சோலிலிருந்து அமலேககஞ்சு வரை புகைவண்டி ஓடிற்று. அப்பால் மோட்டார் வண்டி பீம்பேடி வரை; அதற்கு மேல் காலே துணை. சீசாகடி மலையும் சந்திரகிரிக் கணவாயும் ஏறி இறங்கினாலன்றிப் பள்ளத்தாக்கைக் காணல் இயலாது. அரண்மனைக்கு வேண்டிய மோட்டார் வண்டிகளையே கூலியாட்கள் மரச்சட்டத்தில் வைத்துத் தோளிற் சுமந்து அம்மலைகளைக் கடத்தினர் எனின், வழியின் அருமை விளங்கும். இந்தியாவின் துணையோடு அமைந்த திரிபுவன இராசபாட்டை 1956-இல் முற்றுப்பெற்ற பின்னரே ஊர்திகள் தாமே உள்ளே வந்தன. இன்று சந்திரகிரியின் உச்சிக்குக் கம்பிவட ஊர்தி செல்கின்றது. அதில் ஏறுவோர் பலர். பழைய கணவாய் வழியே நடப்போர் சிலர். அச்சிலருக்கே, நாள் பல நடந்து வந்த அடியவர் கணவாயின் உச்சியில் முதன்முதல் பள்ளத்தாக்கைக் கண்ட பொழுது எய்திய மகிழ்ச்சியின் ஒரு கூறாவது வாய்க்கும்.

கிழக்கு முகட்டினின்று தொடங்குதல் நடைக்கும் வரலாற்றுக்கும் ஒத்தது. நகர்கோட்டிலிருந்து சாங்கு மலை வரை நாலைந்து மணி நேர நடை; பெரும்பாலும் இறக்கமாதலின் முதியோர்க்கும் இயலும். படிப்படியாக அமைந்த வயல்களும், சிற்றூர்களும், வானம் தெளிந்த நாளில் வடக்கே பனிவரையும் காணலாம். சாங்கு மலையின் முடியில் உள்ளது நாராயணர் கோயில். வைணவத் திருக்கோயில் என்று சைவன் ஒதுங்கிப் போக வேண்டுவதில்லை. என்னை? அவ்வளாகத்திலேயே கிலேசுவர மகாதேவர் சந்நிதியும் உண்டு. அன்றியும் நேபாள வரலாற்றில் காலம் திட்டமாக அறியப்பட்ட முதற் பெருங்கல்வெட்டு அங்குள்ள தூணிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இலிச்சவி மரபினனாகிய மானதேவன் 464-ஆம் ஆண்டில் அதனை எழுதுவித்தான். தந்தை தருமதேவன் இறந்தபோது தாய் இராச்சியவதி உடன் உயிர்விடத் துணிந்தாள். மகன் அவள் அடியில் வீழ்ந்து, அன்னை இறப்பின் தான் முன்னர் இறப்பதாகக் கூறித் தடுத்தான். அதன் பின்னரே படையெடுத்துக் கீழ்த்திசைச் சிற்றரசரை அடக்கி, மேற்கே கண்டகி நதியையும் கடந்தான். வெற்றிகளை விரித்துரைக்கும் அரசர் கல்வெட்டுக்கள் நம் நாட்டிலும் மலிந்துள்ளன. தாயின் கண்ணீரை முதலில் வைத்து வெற்றியைப் பின்னர் வைத்த கல்வெட்டு அரிது. கூடம், அரண்மனை யாவும் அழிந்தொழிந்த பின்னும் அவ்வெழுத்துக்கள் இன்றும் தெளிவாக நிற்கின்றன.

மறுநாள் வடக்கே சென்று வாக்மதியைத் தொடங்குமிடத்திற் காணலாம். சிவபுரியின் உச்சியை அடுத்து வாக்துவாரம் என்னும் ஊற்று உண்டு. புலிமுகம் வைத்த தூம்பின் வழியே நீர் வீழ்கின்றது. அவ்வளவு ஏற இயலாதார் சுந்தரிஜலம் என்னும் அடிவாரத்தில் நின்று, மலையருவியாய் இறங்கும் நதியைக் காணலாம். 2002-இல் சிவபுரிக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆதலின் மரங்கள் பிழைத்தன, நீரும் தெளிவாயுள்ளது. இத்தெளிவைக் கண்ணில் நிறைத்துக்கொள்ளுதல் நன்று. நகரை அடையும்போது நதியின் நிலை வேறாகிவிடும்.

சுந்தரிஜலத்தினின்று கரைவழியே இறங்கினால் கோகர்ணம். இவ்விடத்தில் நம் அன்பர் சிலர் மயங்குதல் உண்டு. பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்களிற் கோகரணமும் ஒன்று என்பதை அறிந்தோர், இதுவே அத்தலமாகுமோ என ஐயுறுவர். துளுவ நாட்டில், மேலைக் கடற்கரையில் உள்ள திருக்கோகரணமே தேவாரத் தலம். நேபாளத்துக் கோகர்ணம் பெயரால் ஒத்த பிறிதொரு தலம். திருஞானசம்பந்த சுவாமிகள் திருக்காளத்தியில் இருந்தபடியே வடதிசைத் தலங்களைப் பாடியருளினர் என்பது சேக்கிழார் வாக்கு. அவற்றுள் இந்திரநீலப்பருப்பதத்தை இன்ன மலை என்று துணிதற்கு உறுதியான சான்று இன்மையின், பத்ரிநாதத்தின் பாங்கர் நீலகண்டச் சிகரத்தைச் சுட்டுவாரும் உளர். கண்ட மலையை எல்லாம் பாடல்பெற்ற தலமாக்கும் ஆர்வம் பத்தியினின்று பிறப்பதே. எனினும் அது வரலாற்றுக்கு உதவாது. நேபாளத்தின் பெருமைக்கு அத்தகைய ஒட்டுவேலை எதுவும் வேண்டா. கோகர்ணேசுவரர் கோயில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அடுக்குக் கூரையும் மரச்சிற்பமும் உடையது. பாத்திரபத அமாவாசையில் தந்தையை இழந்தோர் திரளாக வந்து வாக்மதியில் நீராடி அவர்க்குப் பிதிர்க்கடன் ஆற்றுகின்றனர். நம் ஆடி அமாவாசைக் கூட்டத்தைக் கண்டார்க்கு அக்காட்சி அயலாகத் தோன்றாது.

கோகர்ணத்தினின்று நதியின் போக்கில் சில மணி நேரம் நடந்தால் குகியேசுவரி தேவியின் சந்நிதி. அதனை அடுத்து மிருகஸ்தலி என்னும் மரஞ்செறிந்த மேடு. மேட்டின் மறுபுறம் கீழே பசுபதிநாதம். ஊர்தியில் மேற்கு வாயிலுக்கு வந்திறங்குவோர் காணாத காட்சி இது. இறைவன் மான் வடிவு கொண்டு இக்காட்டில் விளையாடினான் என்றும், தேவர் பற்றியபோது ஒடிந்த கொம்பே இலிங்கமாயிற்று என்றும் தலபுராணம் கூறும். பசு ஒன்று பால் சொரிந்த இடத்தை அகழ்ந்து இலிங்கம் கண்டனர் என்பது மற்றொரு வழக்கு. கொங்கு நாட்டுக் கருவூர் ஆநிலையிலும் இறைவன் திருநாமம் பசுபதீசுவரர். ஆங்கும் காமதேனு வழிபட்டதாகவே தலவரலாறு. சோழநாட்டு ஆவூர்ப் பசுபதீச்சரமும் அப்பெயரதே. பசுபதி என்னும் ஒரு சொல்லினுள் பதியும் பசுவும் அடங்கி, அவ்விரண்டையும் இணைத்துப் பேசுமளவில் இடைநின்ற பாசமும் தோன்றிவிடுதலின், சித்தாந்திக்கு இத்திருநாமத்தைக் காட்டிலும் இனியது வேறென்ன?

கருவறையில் எழுந்தருளியிருப்பது முகலிங்கம். கிழக்கே தற்புருடமும், தெற்கே அகோரமும், மேற்கே சத்தியோசாதமும், வடக்கே வாமதேவமும் விளங்க, உச்சியில் உருவின்றி ஈசானம் கொள்ளப்படுகின்றது. இக்காலத்து இலிங்கம் பழைய இலிங்கம் அன்று. வங்காளத்துச் சுல்தான் சம்சுதீன் இலியாசு 1349-இல் பள்ளத்தாக்கினுட் புகுந்து கொள்ளையிட்டபோது, பசுபதி இலிங்கம் மூன்று துண்டாக உடைக்கப்பட்டது என்று கோபாலராச வம்சாவளி கூறுகின்றது. பதினொரு ஆண்டு கழித்து, 1360-இல், சயசிம்மராமன் என்பான் புதிய இலிங்கத்தைப் பிரதிட்டை செய்வித்தான். பொன்முலாம் பூசிய ஈரடுக்குச் செப்புக் கூரையோடு இன்று காணும் கட்டடமோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. 2015-ஆம் ஆண்டு நடுக்கத்தில் சுற்றுப்புறம் பலவும் சிதைந்தும் மூலக்கோயில் நின்றது.

இங்குப் பூசை புரியும் பட்டர்கள் கன்னட நாட்டினின்று வருபவர். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் நேபாள அரசு இம்முறையை மாற்ற முயன்று, எதிர்ப்பு மிகவே, 2009-இல் கைவிட்டது. வடகோடிப் பதியில் தென்னாட்டார் பூசை. அத்தென்னாட்டார்க்காக அவ்வூர் மக்களே எழுந்து நின்றனர் என்பது மகிழத்தக்கது.

இனிக் கல்வெட்டுக்களைக் காண்போம். 605-ஆம் ஆண்டு முதல் ஆணைகள் பிறப்பித்த அஞ்சுவர்மன், பகவான் பசுபதி பட்டாரகரின் திருவடிகளால் அருளப்பெற்றவன் என்றே தன்னைக் குறித்துக்கொள்கின்றான். முடியும் கோலும் பசுபதியினுடையன, தான் அவன் அருளாற் பணிபுரிபவன் என்பது அதன் உட்கிடை. பசுபதியின் பெயர் பொறித்த செப்புக்காசுகளும் அக்காலத்தன கிடைத்துள்ளன. தென்னாட்டில் மகேந்திரவர்மன் திருச்சிராப்பள்ளிக் குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்ததும், அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தி நடந்ததும் இதே காலம் எனின், பாரதத்தின் இரு கோடியிலும் சைவம் ஒருங்கு கிளர்ந்தெழுந்தமை தெளியப்படும்.

அஞ்சுவர்மனுக்குப் பின் வந்த சிஷ்ணுகுப்தன் காலத்துச் சாசனம் ஒன்று, பசுபதி வளாகத்தில் உள்ள சத்திரசண்டேசுவரர் திருவுருவத்தோடு அமைந்துள்ளது. பாசுபத ஆசாரியர் கூட்டத்தார்க்குச் செய்த கொடையைக் கூறுவது அது. சண்டேசுவரரை நாம் சேய்ஞலூர்ப் பிள்ளையாராகவே அறிவோம். நம் ஆலயங்களில் வடபுறத்துச் சந்நிதியில் கைகொட்டி விடைபெறுவோம். ஏழாம் நூற்றாண்டிலேயே, இமயத்தின் மடியில், பாசுபதர் அவரை வழிபட்டனர் என்பதைக் கல்லிற் காணும்போது உள்ளம் வியக்கின்றது. சேய்ஞலூர் வரலாற்றுக்கு இதனால் இழுக்கு ஒன்றும் இல்லை; சண்டேச பதம் மிகத் தொன்மையது என்பதே வலியுறும். இச்சிலையைத் தேடிக் காண்போர் மிகச் சிலர். நின்று கேட்டு விசாரித்தே காண வேண்டியுள்ளது.

ஈண்டு ஒரு தடை எழலாம். பாசுபதம் நம் ஆசிரியர் வகுத்த அகப்புறச் சமயம் ஆறனுள் ஒன்றன்றோ? அதன் சுவடுகளைத் தேடி மலைநாட்டில் அலைவதால் சித்தாந்திக்கு ஆவது என்? தடை நியாயமானதே. விடை அப்பள்ளத்தாக்கின் சுவடிச்சாலையில் உள்ளது.

பசுபதிநாதத்தினின்று நகரை நோக்கி மேற்கே நடக்குமுன், வழிநடையர்க்கென அந்நாட்டார் செய்துவைத்தவற்றையும் நோக்குதல் வேண்டும். தெருமுனைதோறும் திண்ணை மண்டபங்கள். தரைக்குக் கீழே படியிறங்கிச் சென்றால் மகரவாய்த் தூம்புகளினின்று இடையறாது வீழும் நீர்த்துறைகள். பாட்டன் என வழங்கும் இலலிதபுரத்து அரண்மனை முன்னர் உள்ள மங்கா நீர்த்துறை, மானதேவன் பேரனான பாரவியால் 570-இல் அமைக்கப்பட்டது. அதன் நீர் இன்னும் மக்களுக்குப் பயன்படுகின்றது. காட்மாண்டு என்னும் பெயரே காட்டமண்டபம் என்ற மரச்சத்திரத்தினின்று பிறந்தது. 1143-ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றில் அதன் பெயர் காணப்படுகின்றது. 2015-இல் அம்மண்டபம் அடியோடு வீழ்ந்தபோது, அகழ்ந்து பார்த்தோர் அதன் அடித்தளம் ஏழாம் நூற்றாண்டுக்குரியது எனக் கண்டனர். 2022-இல் பழைய முறைப்படியே மரத்தால் மீண்டும் எழுப்பப்பட்டது. நாத சித்தராகிய கோரக்கர் அதன் நடுவே எழுந்தருளியுள்ளார். அரண்மனையின் பெயரையன்றி, வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தின் பெயரைத் தலைநகரம் பூண்டது கருதத்தக்கது.

சிங்க தர்பார் அரண்மனைக்கு அண்மையில் தேசியச் சுவடிக்காப்பகம் 1967 முதல் நடைபெறுகின்றது. முன்னர் அரசர் நூற்சாலையாயிருந்த ஏடுகளே இதன் அடிப்படை. வங்கத்து மகாமகோபாத்தியாயர் அரப்பிரசாத சாத்திரியார் அவ்வேடுகளை நேரிற் கண்டு, 1905-இல் அட்டவணை அச்சிட்டார். நம் நாட்டு வெப்பத்திலும் செல்லரிப்பிலும் பனையோலை சில நூற்றாண்டுக்கு மேல் நில்லாது. படியெடுத்துப் படியெடுத்தே நூல்கள் பிழைத்தன. நேபாளத்துத் தட்பமோ ஓலையை ஆயிரம் ஆண்டுக்கு மேலும் காத்தது. 810-ஆம் ஆண்டுக் காந்தபுராண ஏடு ஒன்று அங்ஙனம் கிடைத்தது. 828-ஆம் ஆண்டுப் பாரமேசுவர ஏடு அந்நாட்டினின்றே கேம்பிரிட்சு சென்றது. யாவற்றினும் மேலானது நிச்சுவாச தத்துவ சங்கிதை. மூலாகமம் இருபத்தெட்டனுள் நிச்சுவாசத்தை எண்ணி வருகின்றோம். ஆயின் அதன் மிகப் பழைய ஏடு, ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தில், இக்காப்பகத்தில் உள்ளது. நூலின் பழம்பகுதிகள் ஐந்து, ஆறாம் நூற்றாண்டின என்பது ஆய்வாளர் துணிபு. இற்றைநாள் கிடைத்துள்ள சைவ ஆகமங்களுள் மிகத் தொன்மையது அதுவே. 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் யுனெசுகோ அதனைச் சேர்த்தது.

மேற்கூறிய தடைக்கு அந்நூலின் முகப்பகுதியே விடையளிக்கின்றது. உலகியல், வைதிகம், ஆன்மிகம், அதிமார்க்கம், மந்திரமார்க்கம் என நெறிகளை ஐந்தாக வகுத்து, பாசுபதம் முதலியவற்றை அதிமார்க்கத்தில் வைத்து, அதற்கு மேலே தன் நெறியாகிய மந்திரமார்க்கத்தை வைக்கின்றது. ஆகவே பாசுபதத்தைப் பகையெனத் தள்ளியதும் இல்லை. தனக்கு நிகரெனக் கொண்டதும் இல்லை. ஏறிவந்த படியாகக் காட்டுகின்றது. பிற்காலத்தில் நம் ஆசிரியர் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிமுறை வகுத்ததன் வித்து இதுவே என்று யாம் கருதுகின்றோம். பசுபதி வளாகத்துச் சண்டேசுவரர் கல்லும், ஒரு மணி நேர நடைத் தொலைவில் உள்ள இவ்வோலையும் ஒரே வரலாற்றின் முன்படியும் பின்படியும் ஆகும். இரண்டையும் ஒரே நாளிற் கண்டவர், வகுப்பில் மனனம் செய்த சமயவகைப் பட்டியலை வேறொரு கண்கொண்டு நோக்குவர்.

இச்சங்கிதையின் மூலசூத்திரம், உத்தரசூத்திரம், நயசூத்திரம் என்னும் பகுதிகள் 2015-இல் நம் புதுச்சேரியிலேயே அச்சாயின. அங்குள்ள பிரெஞ்சு நிறுவனங்களின் சைவச் சுவடித் தொகுதியும் 2005-இல் அதே யுனெசுகோ பதிவேட்டில் இடம்பெற்றது. வடக்கே ஓலை காத்தது, தெற்கே ஆய்வு நடந்தது.

நடக்க விரும்புவோர்க்குச் சில சொல்லி நிறுத்துவோம். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்; ஆனி முதல் ஆவணி வரை மழையும் சேறும் அட்டையும் மிகுதி. நாளொன்றுக்கு நாலைந்து மணி நேர நடை போதும். பழைய நடைவழிகள் பல இந்நாளில் வண்டிச்சாலையாக மாறிவருதலின், ஊராரைக் கேட்டுச் செல்லுதல் நன்று. பசுபதிநாதத்தை அடையும்போது வாக்மதி நகரக் கழிவால் கறுத்து ஓடுதலைக் கண்டு வருந்துவர். 2013 முதல் மக்கள் வாரந்தோறும் கூடித் தூய்மைசெய்து வருகின்றனர். பழைய தெளிவு இன்னும் திரும்பவில்லை. சுவடிக்காப்பகத்தினின்று பிற்பகலிற் புறப்பட்டுக் கிழக்கே நடந்தால், அந்தி விளக்கேற்றி நதிக்கு ஆரத்தி காட்டும் வேளைக்குப் பசுபதிநாதத்துக் கீழ்க்கரைப் படிகளைச் சேரலாம்.